நாடி தாளம் தப்பும்போது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் சாப்பாடு எதுவரை, குளிசை எதற்கு?

வெள்ளவத்தையில், காலி வீதியில் உள்ள ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு அன்ரி வந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கவுண்டரில் வைத்துத் திறந்தார். அவருக்கு 68 வயது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறது. டின்னுக்குள் ஒரு பக்கம் டொக்டர் எழுதிக் கொடுத்த இரண்டு குளிசை, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பிசோப்ரோலோலும் இரத்தம் ஐதாக்கும் அபிக்ஸபானும். மற்றப் பக்கம் ரொறன்ரோவிலிருந்து மகள் அனுப்பிய மூன்று போத்தல், மீனெண்ணெய், மக்னீசியம், மஞ்சள் கப்சூல்.

"தம்பி, மகள் அனுப்பினதுகளை ஒழுங்காப் போட்டால் இந்த ரத்தம் ஐதாக்கிற குளிசையை விடலாமோ? விலையும் கூடவாக் கிடக்கு. இதுகள் இயற்கைதானே?"

விடக்கூடாது. ஆனால் வெறுமனே 'விடாதீங்கோ' என்று சொன்னால் வீட்டுக்குப் போய் விட்டுவிடுவார்கள். காரணம் விளங்கினால்தான் குளிசை உள்ளே போகும். அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லாததால் ஆறுதலாகச் சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் இதயத்துக்கு நாலு அறை என்று படித்திருப்பீர்கள். மேலே இரண்டு சோணையறை, கீழே இரண்டு இதயவறை. வலது சோணையறையின் மேல்பக்கத்தில் ஒரு சின்ன இழையத் துண்டு இருக்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அது ஒரு மின் கட்டளை கொடுக்கும். அந்தக் கட்டளைக்கு முதலில் சோணையறைகள் சுருங்கும், பிறகு இதயவறைகள் சுருங்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவருக்குச் சோணையறையில் அந்தத் துண்டின் கட்டளை எடுபடாது. பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் மின்சாரம் கிளம்பும். நிமிடத்துக்கு 350, 400, சிலவேளை 600. அந்த வேகத்தில் தசை சுருங்காது, கொதிக்கிற கஞ்சியின் மேற்பரப்பு மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த 400 கட்டளையும் கீழே போனால் ஆள் தப்பமாட்டார். நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ரயில் கேட்டைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை ஓட்டோ ஹோர்ன் அடித்தாலும் கேட் திறக்கிற நேரத்தில்தான் போகலாம். ஏ.வி. நோட் என்ற அந்த வாசலும் வருகிறவற்றில் பெரும்பங்கை நிறுத்திவிட்டு, 120, 140 என்று ஒரு பங்கை மட்டும் விடும். அதையும் ஒழுங்கான இடைவெளியில் விடாது. அதனால்தான் நாடி இரண்டு அடி கிட்டக் கிட்ட, பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஒரு பலத்த அடி என்று போகும். "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி" என்றார் அன்ரி. வேறு சிலர் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காரணமில்லாமல் களைக்கிறது என்பார்கள். ஒன்றுமே தெரியாதவர்களும் நிறையப் பேர்.

வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. உள்ளங்கை மேலே பார்க்கக் கையை வைத்து, பெருவிரலின் அடியில், மணிக்கட்டில் மூன்று விரலை மெதுவாக அழுத்துங்கள். 30 விநாடி எண்ணாமல், காலால் தாளம் போட்டுப் பாருங்கள். வேகமாக இருந்தாலும் மெதுவாக இருந்தாலும் தாளம் பிடிபட்டால் நல்லது. அடுத்த அடி எப்போது வரும் என்று ஊகிக்கவே முடியாமல் இருந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். ஈசிஜியில் பிடிபட்டால்தான் இந்த நோய் என்று உறுதியாகச் சொல்லலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் பாவிக்கும் பிரஷர் மெஷின் இந்த நோயில் ஒரு தடவைக்கு ஒரு கணக்குக் காட்டும். மூன்று தடவை எடுத்துச் சராசரியைக் கொப்பியில் எழுதுங்கள்.

சரி, நாடி குழம்புகிறது. அதனால் என்ன? இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். படபடப்புத்தான் நோய், அது நின்றால் நோய் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையான பயம் வேறிடத்தில் இருக்கிறது. இடது சோணையறையோடு ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பை உண்டு. அறை ஒழுங்காகச் சுருங்கினால் அந்தப் பையிலிருக்கும் இரத்தமும் வெளியே வந்துவிடும். நடுங்கிக்கொண்டிருந்தால் வராது, தேங்கும். தேங்கிய இரத்தம் உறையும். அந்தக் கட்டி ஒரு நாள் கழன்று, இதயத்திலிருந்து நேராக மூளைக்குப் போகிற இரத்தக் குழாயில் ஏறினால் பாரிசவாதம். இந்த நோய் உள்ளவருக்குப் பாரிசவாத ஆபத்து மற்றவரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதயத்திலிருந்து போகும் கட்டி பெரிதாக இருப்பதால் சேதமும் பெரிதாகத்தான் இருக்கும்.

அன்ரியின் டின்னைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னேன்: "அன்ரி, பிசோப்ரோலோல் உங்களுக்குச் சுகம் தெரியிறதுக்கு. அது படபடப்பைக் குறைக்கும். அபிக்ஸபான் போடுறது உங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஆனா மூளையைக் காக்கிறது அதுதான்."

யாருக்கு இரத்தம் ஐதாக்கும் மருந்து வேண்டும் என்பதற்கு டொக்டர்கள் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதயம் பலவீனம் என்றால் 1, பிரஷர் 1, சீனி வருத்தம் 1, மாரடைப்போ இரத்தக் குழாய்களில் அடைப்போ வந்திருந்தால் 1, வயது 65 முதல் 74 வரை 1, 75 அல்லது அதற்கு மேல் 2, முன்பு பாரிசவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்கும் ஒரு புள்ளி இருந்தது. 2024இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி அதை எடுத்துவிட்டது. மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து தேவை. 1 என்றால் டொக்டரோடு பேசித் தீர்மானிக்கலாம். அன்ரிக்கு வயது, பிரஷர், சீனி, ஆக 3. கவனித்துப் பாருங்கள், இந்தக் கணக்கில் படபடப்புக்குப் புள்ளியே இல்லை. மாதத்தில் ஒரு தடவை வந்து தானாகப் போகிற வகை என்றாலும் கணக்கு இதேதான்.

ஐதாக்குவது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, இரத்தம் தண்ணீர் ஆவதில்லை, உறைவது தாமதமாகிறது, அவ்வளவுதான். இதில் பழைய மருந்து வார்ஃபரின். அரச கிளினிக்கில் காசில்லாமல் கிடைக்கும், வெளியே வாங்கினாலும் மலிவு. ஆனால் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து, 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். புதியவை டபிகட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், எடோக்ஸபான். இவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லை, மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்தும் வார்ஃபரினைவிடக் குறைவு. விலை கூட. அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது என்பதால் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பரிசோதனை வேண்டும். ரிவரோக்ஸபான் 20 மில்லிகிராம் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் போட வேண்டாம், சாப்பாட்டோடு போட்டால்தான் முழுதாக உடம்பில் சேரும். டபிகட்ரான் கப்சூலை உடைத்துக் கரைத்துக் குடிக்கவே கூடாது.

எல்லோருக்கும் புதியது பொருந்தும் என்றும் இல்லை. சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் எங்கள் நாட்டில் இன்னமும் இருக்கிறார்கள். அப்படிச் சுருங்கிய வால்வுக்கும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின்தான். 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், வாதக் காய்ச்சல் வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் இருந்தவர்களுக்கு ரிவரோக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்தே நல்ல பலன் கொடுத்தது. விலை கூடியது என்பதற்காக அது உங்களுக்கு உயர்ந்த மருந்து ஆகிவிடாது.

அஸ்பிரின் போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. போதாது. 2011இல் அபிக்ஸபானையும் அஸ்பிரினையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அபிக்ஸபான் பாரிசவாதத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது, பெரிய இரத்தப்போக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வயசான ஆள், விழுந்தால் இரத்தம் நிற்காதே என்று பயந்து பிள்ளைகளே நிறுத்திவிடுவதும் உண்டு. 1999இல் கனடாவில் ஒரு கணக்குப் பார்த்தார்கள். வார்ஃபரினால் வரும் நன்மையை விழுவதால் வரும் ஆபத்து மிஞ்ச வேண்டுமானால், அந்த ஆள் வருடத்துக்கு ஏறக்குறைய 295 தடவை விழ வேண்டுமாம். குளியலறையில் ஒரு பிடிகம்பி பூட்டுங்கள், குளிசையை நிறுத்தாதீர்கள்.

இப்போது அந்த மூன்று போத்தலுக்கு வருகிறேன்.

மீனெண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று எல்லா வீட்டிலும் ஒரு போத்தல் இருக்கும். இந்த நோயில் அது எதிர்ப்பக்கம் போகிறது. 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் நாளுக்கு 4 கிராம் சுத்திகரித்த ஒமேகா-3 எடுத்தவர்களில் 3.1 சதவீதம் பேர் இதே துடிப்புக் கோளாறுகளால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். எடுக்காதவர்களில் 2.1 சதவீதம். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் போனால் ஆபத்துத் தெளிவாகக் கூடியது. குறைந்த அளவில் எடுத்தால் இந்த நோயைத் தடுக்குமா என்று பார்த்த ஆய்விலும் பலன் இல்லை. இது கப்சூலுக்குத்தான். சாளையோ கும்பளாவோ வாங்கி மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

மக்னீசியம் கொஞ்சம் சிக்கலான விஷயம். உடம்பில் மக்னீசியமும் பொட்டாசியமும் குறைந்தால் இதயத் துடிப்பு குழம்பும் என்பது உண்மை. ஃபுரோசமைட் போன்ற சலம் கூடப் போக வைக்கும் குளிசைகளும், வருடக்கணக்கில் விழுங்கும் கஸ்ரிரைற்றிஸ் குளிசைகளும் மக்னீசியத்தைக் குறைக்கும். அப்படி இருந்தால் இரத்தத்தில் பார்த்து, குறைவு என்றால் டொக்டர் நிரப்புவார். அளவு சரியாக உள்ளவர் போத்தல் போத்தலாகப் போட்டு இந்த நோய் குறைந்ததாகச் சான்று இல்லை. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது உடம்பிலேயே சேர்ந்து ஆபத்தாகும். கடலை, பயறு, கௌபி, குரக்கன் பிட்டு இவற்றிலேயே மக்னீசியம் நன்றாக இருக்கிறது.

மஞ்சள் விஷயத்தில் கறிக்குப் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கப்சூலில் இருப்பது செறிவாக்கிய சாறு, உடம்பில் கூடச் சேர வேண்டும் என்று மிளகுச் சாறும் கலந்திருக்கும். வார்ஃபரின் போடுகிறவருக்கு இதனால் ஐ.என்.ஆர். எகிறியதாக அறிக்கைகள் உண்டு. உள்ளிக் கப்சூல், இஞ்சிக் கப்சூல், ஜின்கோ இவற்றையும் இரத்தம் ஐதாக்கும் மருந்தோடு சேர்க்கக்கூடாது. கோகியூ10 என்ற சத்துக் கப்சூல் மாறிச் செய்யும், அது விற்றமின் கே போன்ற அமைப்புக் கொண்டது, வார்ஃபரினின் வேலையைக் குறைக்கலாம். அதிமதுரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொண்டைக் கசாயத்தில் ஒரு துண்டு போட்டால் ஒன்றும் ஆகாது. நாள்தோறும் பாவித்தால் பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிஜொக்சின் குளிசை போடுகிறவருக்குப் பொட்டாசியம் இறங்குவது பெரிய ஆபத்து.

"இயற்கைதானே" என்று அன்ரி கேட்டாரே, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். டிஜொக்சின் வந்தது ஃபொக்ஸ்குளோவ் என்ற செடியின் இலையிலிருந்து. 1785இலேயே வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியர் அந்த இலையைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். வார்ஃபரினின் கதை வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த குளோவர் புல்லைத் தின்று மாடுகள் இரத்தம் கசிந்து செத்ததிலிருந்து தொடங்குகிறது. 1948இல் எலி மருந்தாக வந்து, 1954இல்தான் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. மூலிகைக்கு வீரியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வீரியம் இருப்பதால்தான் அளவு தெரியாமல் போடாதீர்கள் என்கிறேன்.

அப்போ சாப்பாட்டால் ஒன்றும் செய்ய முடியாதா? நிறையச் செய்யலாம். ஆனால் அதன் வேலை வேறு. கட்டி உறைவதைச் சாப்பாடு நிறுத்தாது. இந்த நோயை வளர்க்கும் காரணங்களை, அதாவது பிரஷரை, உடல் எடையை, சீனியை, குடியை, சாப்பாட்டால் கட்டுப்படுத்தலாம்.

எடையைப் பற்றி 2015இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி சொல்வேன். பருமனாக இருந்த நோயாளிகளில் பத்து வீதத்துக்கு மேல் எடை குறைத்து அப்படியே வைத்திருந்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. 80 கிலோ ஆள் 72க்கு வருவது சின்ன விஷயமில்லை. ஆனால் இரவில் கொத்துக்குப் பதிலாக இரண்டு இடியப்பமும் ஒரு மரக்கறியும், பின்னேரம் ரோல்ஸும் பற்றிஸும் இல்லாத தேத்தண்ணி, மரைன் டிரைவில் அரைமணி நேர நடை என்று தொடங்கினால் ஒரு வருடத்தில் முடியும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, மாசி, அச்சாறு, மோர் மிளகாய், சூப் கட்டி, நூடில்ஸ் பக்கற்றில் வரும் மசாலாத் தூள், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மத்தியானத்துக்குள்ளேயே அந்தக் கரண்டி நிரம்பிவிடும்.

குடி விஷயத்தில் சமாதானம் இல்லை. இதுவும் அவுஸ்திரேலிய ஆய்வுதான், 2020. குடிக்கிற 140 நோயாளிகளில் பாதிப்பேர் நிறுத்தினார்கள், பாதிப்பேர் வழக்கம்போல் குடித்தார்கள். ஆறு மாதத்தில் நிறுத்தியவர்களில் 53 வீதத்தினருக்கும், குடித்தவர்களில் 73 வீதத்தினருக்கும் நோய் திரும்ப வந்தது. கோப்பியைப் பற்றி மட்டும் பயம் வேண்டாம். மின் அதிர்ச்சிச் சிகிச்சையால் துடிப்பைச் சீராக்கிய 200 பேரை வைத்து 2025இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒரு கோப்பியாவது குடித்தவர்களில் 47 வீதத்தினருக்கும் விட்டவர்களில் 64 வீதத்தினருக்கும் நோய் திரும்பியது. குடித்தால் உங்களுக்குப் படபடக்கிறது என்றால் விடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு கோப்பியை யாரும் பறிக்கத் தேவையில்லை.

கீரை விஷயத்தில் வார்ஃபரின்காரரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். விற்றமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும், உண்மைதான். முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை, இலைக்கஞ்சி எல்லாவற்றிலும் அது உண்டு. ஆனால் விட்டுவிடுங்கள் என்று அர்த்தமில்லை. கிழமைக்கு மூன்று நாள் வல்லாரைச் சம்பல் என்றால் எப்போதும் மூன்று நாள். ஒரு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு, அடுத்த கிழமை நாள்தோறும் இலைக்கஞ்சி குடித்தால்தான் ஐ.என்.ஆர். ஆட்டம் காணும். அபிக்ஸபான் போடும் அன்ரிக்கு அந்தக் கட்டுப்பாடே இல்லை. பாவம், ஒரு மாதமாகக் கீரையைத் தொடாமல் இருந்திருக்கிறார்.

செவ்விளநீரில் பொட்டாசியம் கூட. சிறுநீரகம் பலவீனமாகி, பொட்டாசியத்தை உடம்பில் தேங்க வைக்கும் லொசார்ட்டனோ ஸ்பைரோனோலக்டோனோ போடுகிறவர்கள் நாள்தோறும் குடிக்க வேண்டாம். மற்றவர்கள் குடிக்கலாம்.

சாப்பாட்டுக்கு வெளியே இரண்டு காரணங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று தைரொயிட், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரியும். மற்றது குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பக்கத்தில் படுக்கிறவர் சொன்னால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

துடிப்பைக் கையாள இரண்டு வழி இருக்கிறது. துடிப்பு குழம்பியபடியே இருக்கட்டும், வேகத்தை மட்டும் குறைப்போம் என்பது ஒன்று. பிசோப்ரோலோல், டில்ரியாசெம், டிஜொக்சின் அதற்குத்தான். துடிப்பையே ஒழுங்குக்குக் கொண்டுவருவது மற்றது. அதற்கு அமியோடரோன் போன்ற மருந்து, மயக்கத்தில் கொடுக்கும் மின் அதிர்ச்சி, அல்லது கதீற்றர் வழியாகப் போய் நுரையீரலிலிருந்து வரும் நாளங்களின் வாசலைச் சுட்டுத் தடுக்கும் அப்லேஷன். அந்த நாளங்களிலிருந்துதான் குழப்பம் கிளம்புகிறது என்று 1998இல் பிரான்ஸின் போர்தோவில் கண்டுபிடித்தார்கள். 2002இல் இரண்டு வழிக்கும் உயிர்காப்பதில் பெரிய வித்தியாசமில்லை என்றார்கள். 2020இல் வந்த ஆய்வு, நோய் கண்டு ஒரு வருடத்துக்குள் ஒழுங்குபடுத்தத் தொடங்கினால் பாரிசவாதம் உட்பட்ட பெரிய பாதிப்புகள் குறைகின்றன என்று காட்டியது. அதனால் புதிதாக நோய் கண்டவர் "எனக்கு ஒழுங்குபடுத்தும் வழி பொருந்துமா?" என்று ஆரம்பத்திலேயே கேட்பது நல்லது. அப்லேஷன் செய்த பிறகும் புள்ளிக் கணக்கு 2 அல்லது அதற்கு மேல் என்றால் இரத்தம் ஐதாக்கும் மருந்து தொடரும். இது தெரியாமல் சந்தோஷத்தில் குளிசையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கவுண்டரில் நான் அதிகம் தடுப்பது நோவுக் குளிசையைத்தான். முழங்கால் நோவுக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் என்று கேட்டு வருவார்கள். இரத்தம் ஐதாக்கும் மருந்தோடு அது வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும். பரசிற்றமோல் போடுங்கள். மூக்கடைப்புக்குச் சூடோஎஃபெட்ரின் கலந்த குளிசையும் வேண்டாம், துடிப்பை ஏற்றிவிடும். ஒரு வேளை குளிசை மறந்தால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

மலம் கறுத்துப் போவது, தலையில் அடிபட்டது, நிற்காத மூக்கு இரத்தம், மயக்கம், நெஞ்சு நோவு, இதில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பாரிசவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். போடலாமா என்று தீர்மானிக்க, எந்த இரத்த மருந்து, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டது என்று டொக்டர் கேட்பார். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் வாயே வராது.

அதனால் அன்ரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். குளிசையின் பெயர், அளவு, காலை 8 மணி, இரவு 8 மணி. தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, படம் எடுத்து ரொறன்ரோவுக்கும் அனுப்பியிருக்கிறார். அடுத்த பார்சலில் என்ன அனுப்ப என்று மகள் கேட்டாராம். கிழமை நாள் அச்சடித்த குளிசைப் பெட்டி ஒன்று கேட்கச் சொன்னேன்.